போட்டால் வரவேண்டும்

பழைய டிவிக்கு ஒரு செட்டாப் பாக்ஸ் பார்த்து வாங்குவது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கடைக்குப் போனால் எடுத்துக் காட்டுவார்கள். கேபிள்காரரைக் கூப்பிட்டால் அவரே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார். இருந்தும், பெரியம்மா வீட்டு டிவிக்குப் பெட்டி தேடிய நாட்களில் மனசுக்குள் புகுந்துகொண்ட ஓர் உறுத்தல், பெட்டி வந்து, படம் வந்து, எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இப்போதும் போனபாடில்லை. பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எதை வேணாலும் மாட்டுப்பா. போட்டா வரணும், அணைச்சா அணையணும். அவ்ளோதான்." முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஃபேனும் குண்டு பல்பும் பேசாமல் செய்துகொண்டிருக்கிற வேலை அது. ஆனால் அந்த ஒன்றைச் செய்கிற பெட்டி எது என்று கேட்டுக்கொண்டு கடை ஏறினால், ஒருவர் சேனல் எண்ணிக்கையைச் சொல்கிறார், இன்னொருவர் ஹெச்டி என்கிறார், மூன்றாமவர் பென்டிரைவ் செருகினால் படத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார். போட்டால் வருமா என்பதற்கு மட்டும் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வராமல் எங்கே போகும் சார் என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்மார்ட் டிவி விற்கிற கடையில் போய்ச் சுவிட்சைப் பற்றிக் கேட்பவனை வேறு எப்படிப் பார்ப்பது?

டிவி 14 அங்குலம், வண்ணம். 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்து, அந்த ஆண்டு அண்ணா பிறந்தநாளில் வழங்கத் தொடங்கி, அந்த ஆட்சி முடிவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் ஒன்று. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இன்றும் அதற்குக் 'கலைஞர் டிவி' என்றுதான் பெயர். மறு வருஷமே அதே பெயரில் ஒரு சேனலும் வந்துவிட்டதால், கலைஞர் டிவியில் கலைஞர் டிவி தெரியவில்லை என்று புகார் சொன்ன ஆட்கள் உண்டு. ரேஷன் கார்டைக் காட்டி, வரிசையில் நின்று, பெரியம்மா தன் கையெழுத்தைப் போட்டு வாங்கிய பொருள் அது. ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. முகப்பில் பவர் பொத்தான்; பக்கத்தில் ஒரு சின்ன மூடியைத் திறந்தால் சத்தம் கூட்ட, குறைக்க, சேனல் மாற்ற நான்கைந்து பொத்தான்கள். பவரை அழுத்தினால் உள்ளேயிருந்து 'டம்' என்று ஒரு சத்தம் வரும். படக்குழாயில் ஏறியிருக்கும் காந்தத்தை அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் போக்குகிற சத்தம். திரைக்குப் பக்கத்தில் முன்கையைக் கொண்டுபோனால் ரோமம் எழுந்து நிற்கும். தூசி சூடாகிற வாசனை வரும். பேத்தி விடுமுறைக்கு வந்தால், "டிவி கீச்சுனு கத்துது" என்று காதைப் பொத்திக்கொள்வாள். அவள் சொல்வது நிஜம்தான். 625 கோடுகள், நொடிக்கு 25 முழுப்படங்கள், பெருக்கினால் 15,625. நொடிக்கு அத்தனை முறை கோடு இழுக்கிற வேலையில் உள்ளே ஒரு மின்மாற்றி அதே சுருதியில் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். வயதாக ஆக முதலில் காதைவிட்டுப் போவது இந்த உச்சத்து ஒலிகள்தாம். பெரியம்மாவுக்கு அது கேட்டதே இல்லை. எனக்கு எந்த வயதில் கேட்காமல் போனது என்று தெரியவில்லை. சின்ன வயதில், சத்தம் முழுக்கக் குறைத்திருந்தாலும் அடுத்த அறையில் டிவி ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவோம். அது நன்றாக நினைவிருக்கிறது.

இந்த டிவிக்குப் பின்னால் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு துளைகள். பெட்டியிலிருந்து வரும் ஒயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனைகள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் இடது வலது சத்தத்துக்கு. ஒற்றை ஸ்பீக்கர் டிவிக்குச் சிவப்பால் உபயோகமில்லை. அது பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். புதிய பெட்டிகள் பலவற்றில் இந்த மூன்றுக்கும் தனித்தனி இடம் கிடையாது. ஹெச்டிஎம்ஐ ஒன்றை வைத்துவிட்டு, ஹெட்போன் துளையளவு ஓட்டை ஒன்றில் மூன்றையும் அடக்கிவிட்டார்கள். அதற்கென்று தனி ஒயர். அதிலும் எல்லா ஒயரும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றில் செருகினால் படத்துக்குப் பதில் ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று உறுமல் வரும். அப்படி வந்தால் மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகிப் பார்க்கவேண்டும், பெரும்பாலும் சரியாகிவிடும். இதையெல்லாம் தாண்டிப் படம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கரண்டு போகிறது. டெல்டாவில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போகும். திரும்பி வரும்போது டிவி, இந்த ஒயரிலிருந்து படம் வாங்குகிற 'ஏவி' என்ற இடத்தில் வராது. ஆன்டெனாவுக்கான பழைய இடத்தில் நின்றுகொண்டு வெறும் புள்ளியைக் கொட்டும். ஏவிக்குக் கொண்டுபோக, மூடியைத் திறந்து, சேனல் பொத்தானை அழுத்தி ஒன்றுக்கும் கீழே இறங்கவேண்டும். பெட்டியோ சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு தூங்கும். அதை எழுப்ப அதன் ரிமோட் வேண்டும். எழுந்தாலும் அது பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்த சேனலுக்குப் போகாது. யாரோ காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் முதல் சேனலில் போய் இறங்கும். அங்கிருந்து மூன்று இலக்க எண்ணை அழுத்தி வழி கண்டுபிடித்து வரவேண்டும். கடையில் நான் செய்த சோதனை இதுதான்: பெட்டியின் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுவது. முதல் பெட்டியில் சிவப்பு. அடுத்ததிலும் சிவப்பு. விலை குறைந்த ஒரு பெட்டி மட்டும் முகப்பில் ஏதேதோ எழுத்தை ஓட்டிவிட்டு, கடைசியாக இருந்த சேனலுக்கே தானாக வந்து நின்றது. அந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு குணம் இருப்பது கடைக்காரருக்கே தெரிந்திருக்கவில்லை. அட்டைப் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அது அச்சாகியிருக்கவும் இல்லை.

பெட்டி எழுந்துவிட்டாலும் டிவி புள்ளியில் நிற்குமே, அதற்கு என்ன வழி? பழைய பெட்டிகளில் ஆர்எஃப் அவுட் என்று ஒன்று இருந்தது. படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகக் கட்டி, பழைய தூர்தர்ஷன் கோபுரம் அனுப்பியதைப் போன்ற அலையாகவே ஆக்கி, ஆன்டெனா ஒயர் வழியாக டிவிக்குத் தரும். டிவிக்குப் பெட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. தனக்கு ஒரு நிலையம் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அதை முதல் எண்ணில் பதித்து வைத்துவிட்டால், கரண்டு போய் வந்தாலும் டிவி நேராக அங்கே போய் நிற்கும். மூடியைத் திறக்கவேண்டாம். ஆனால் படத்தின் தரம் அடிவாங்கும். சிவப்புச் சேலையின் ஓரம் பிசிறும், எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிழல் ஆடும். வந்த டிஜிட்டல் படத்தை அவிழ்த்து, அனலாக் ஆக்கி, அதை அலையில் ஏற்றி, ஒன்றரை அடி ஒயரைக் கடந்ததும் மறுபடி இறக்குகிற இந்தச் சுற்றுவேலையைப் பார்த்து எந்த எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கும் தலையில் அடித்துக்கொள்வார். மூன்று முனை ஒயர் எவ்வளவோ மேல், ஹெச்டிஎம்ஐ அதைவிட மேல். தரவரிசையில் அடிமட்டத்தில் இருக்கும் இணைப்புத்தான் பெரியம்மாவுக்கு ஏற்றது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கே மனசு வரவில்லை. அவருக்குத் தெளிவான படம் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அந்தப் பிசிறு தெரியுமா தெரியாதா என்பது வேறு கதை. தெரிந்தால்தான் என்ன, நான் யார் அவருக்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவுசெய்ய? இந்த இடத்தில்தான் உறுத்தல் தொடங்கியது என்று நினைக்கிறேன். பெட்டியைப் பற்றிய ஒவ்வொரு கேள்வியும் இன்னொருவரின் மாலைப் பொழுதைப் பற்றிய கேள்வியாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. அந்த மாலை என்னுடையது இல்லை.

பட அளவிலும் இதே கதைதான். டிவியின் திரை நாலுக்கு மூன்று. இப்போது வருகிற படமெல்லாம் பதினாறுக்கு ஒன்பது. பெட்டியின் அமைப்புக்குள் போனால் இரண்டு மூன்று வழிகள் இருக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப்படத்தையும் காட்டலாம். ஏற்கெனவே சிறிய திரை, ஆட்கள் பொம்மையளவு ஆகிவிடுவார்கள். நெருக்கிக் காட்டலாம், எல்லோரும் ஒல்லியாகி நெட்டையாகிவிடுவார்கள். அல்லது இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு நடுவைப் பெரிதாக்கலாம். பெரியம்மா மூன்றாவதுதான் வேண்டும் என்றார், முகம் பெரிசாகத் தெரிகிறது என்று. ஆனால் சீரியலில் மாமியாரும் மருமகளும் சட்டகத்தின் இரண்டு ஓரங்களில் நின்று வாதாடும்போது ஆளுக்குப் பாதி முகம்தான் கிடைக்கும். செய்தியில் கீழே ஓடுகிற பட்டியின் ஓரம் போய்விடும். மின்னலாக வந்து நிற்கும் தலைப்பில் 'நாகை' இருக்காது, 'மாவட்டத்தில் கனமழை' மட்டும் இருக்கும். எந்த மாவட்டம் என்று நான் பதறினேன். அவர் பதறவில்லை. "நம்ம ஊர்ல பெஞ்சா சன்னல் வழியா தெரியாதா?" என்றார்.

பெட்டியும் அமைப்பும் இல்லாத காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்குப் படம் முதலில் கடலைத் தாண்டி வந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது, தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் நிறையப் பேருக்குச் சென்னைத் தூர்தர்ஷன் எட்டாத சரக்கு. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்தும் பிறகு வன்னியில் கொக்காவில் கோபுரத்திலிருந்தும் வந்த அலையைப் பிடிக்க, வேதாரண்யத்திலும் ராமேஸ்வரத்திலும் மொட்டைமாடிக்கு மேல் ஜிஐ பைப்பைப் பைப்போடு கட்டி ஏற்றினார்கள். வெயில் காலத்தில் கடல்மேல் சூடான காற்று அடுக்கு நிற்கும்போது அலை அதற்குள் சறுக்கிக்கொண்டு நெடுந்தூரம் வரும். அந்த மாதங்களில் படம் பளிச்சென்று இருக்கும். மழை மாதங்களில் ஆள் யார் என்று குரலை வைத்துத்தான் சொல்லவேண்டும். மாடியில் ஒருவர் பைப்பைத் திருப்ப, கீழே ஒருவர் "இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போயிடுச்சு" என்று கத்த, நடுவில் மாடிப்படியில் ஒரு பையன் நின்று இரண்டு பேருக்கும் சேதி கடத்துவான். இலங்கையில் போர் முற்றி, 1990இல் கொக்காவில் ராணுவ முகாம் விழுந்து அந்தக் கோபுரமும் போயிற்று. அதற்குள் இங்கே தூர்தர்ஷன் வந்துவிட்டிருந்தது. அந்த அலையைப் பற்றி இன்று யோசிக்கும்போது வியப்பு தருவது அதன் தூரம் இல்லை. தன்னை யார் பார்க்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இன்னொரு நாட்டு மக்களுக்காக அனுப்பியது. இங்கே ஒரு மளிகைக்கடை மாடியில் யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் பிடித்துக்கொண்டார்கள். படம் வரவில்லையென்றால் காற்றைத் திட்டலாம், பைப்பைத் திருப்பலாம். அனுப்புகிறவனிடம் போய் நிற்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

இப்போது அந்தத் தேவை வந்துவிட்டது, படத்துக்குப் பூட்டு வந்ததால். டிஜிட்டல் ஆவதும் பூட்டுப் போடுவதும் ஒன்றல்ல. நமக்கு இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து வந்ததால் ஒன்றுபோல் ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். ஆன்டெனா வைத்துப் பார்க்கிறவர்களின் பழைய டிவிக்கு ஒரு மாற்றிப் பெட்டி தேவைப்பட்டது. அதற்கு வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் கூப்பன் அரசாங்கமே தந்தது. அந்தக் கூப்பன் தீர்ந்துபோய் நிறையப் பேர் காத்திருந்ததால்தான் பிப்ரவரியில் நடக்கவேண்டிய மாற்றம் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அந்தப் பெட்டி அலையின் வடிவத்தை மாற்றும், அவ்வளவுதான். வாங்கி மாட்டிவிட்டால் மாதச் சந்தா கிடையாது, அட்டை கிடையாது, எண் கிடையாது. நம் வழி வேறு. 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் சிஏஎஸ் என்ற பூட்டு முறை வந்தபோது காசுச் சேனல்களுக்கு மட்டும் பெட்டி. 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தியபோது, கேபிள் வழியாகப் போகிற எல்லாச் சேனலும் பூட்டித்தான் போகவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இலவசச் சேனலுக்கும் அதேதான், தூர்தர்ஷனுக்கும் அதேதான். 2012 அக்டோபர் முடிவில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்குக் கெடு, பிறகு படிப்படியாக 2017 மார்ச்சுக்குள் கடைசிக் கிராமம் வரை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். அந்த எண்ணைத் திறக்கவும் மூடவும் எங்கோ ஒரு கணினி. கணக்கில் வராமல் இணைப்பு கொடுத்துச் சம்பாதித்தவர்களைப் பிடிக்க இது தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஊரில் எத்தனை வீட்டுக்குக் கேபிள் போகிறது என்பது கேபிள்காரரைத் தவிர யாருக்கும் தெரியாமல் இருந்த காலம் அது. நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்குள் பெரியம்மாவின் பவர் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைப்பதில்லை. அவர் அழுத்தினால் விளக்கு எரியும். படம் வருவது வேறு ஓரிடத்தில் முடிவாகிறது.

எதை மாட்டுவது என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் இருந்தன. டிடிஹெச் என்றால் மாடியில் கிண்ணம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியபோது அந்தத் தெருவில் ஒரு கிண்ணமும் தப்பவில்லை. தென்னந்தோப்பே தரையில் கிடந்த ஊரில் கிண்ணத்தைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. புயல் வேண்டாம், ஐப்பசி மழையே போதும். அந்த அலையின் நீளம் இரண்டரை செண்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அதைத் தின்றுவிடும். மழைச் செய்தி பார்க்கவேண்டிய அந்த நேரத்தில்தான் படம் போகும். பழைய அலைகள் மீட்டர் கணக்கில் நீளமானவை, மழையை அவை சட்டை செய்ததில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் என்பது அமெரிக்கப் பெட்டிக்கு மிக அருகில் வருவது. ஒருமுறை வாங்கினால் மாதப்பணம் இல்லை. ஆனால் அதிலும் கிண்ணம், அதிலும் மழை. இப்போது டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்ட பொதிகை நீங்கலாகப் பெரும்பாலும் இந்திச் சேனல்கள்தான். தூர்தர்ஷனைக் குறை சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். காலையில் ஒரு மணிநேரம் பொதிகை பார்த்துக்கொண்டு உட்காரக்கூடியவன்தான் நான். பெரியம்மாவால் முடியாது. மிச்சம் கேபிள். இதற்கு மழை பரவாயில்லை, பெரிய கிண்ணத்தை வைத்து அவர்கள் பிடிக்கும் அலை வேறு ரகம். ஆனால் கம்பத்துக்குக் கம்பம் போகிற ஒயர்மேல் ஒரு மட்டை விழுந்தால் தெருவே போகும். இந்தச் சங்கடங்களெல்லாம் புரிகிறவை. காற்று, மழை, மட்டை. புரியாதது 2022 நவம்பரில் நடந்தது. அரசு கேபிள் பெட்டிகள் லட்சக்கணக்கில் திடீரென்று இருண்டன. மென்பொருள் தந்த தனியார் நிறுவனத்துக்கும் அரசு கேபிள் கழகத்துக்கும் தகராறு. கரண்டு இருந்தது, ஒயர் இருந்தது, பெட்டி இருந்தது, சந்தா கட்டியிருந்தார்கள். மாடிக்கு ஏறிப் பைப்பைத் திருப்புவதைப்போல, அந்த வீடுகளில் யாராலும் எதையும் செய்துபார்க்க முடியவில்லை.

இப்படி வீட்டுக்கு ஒரு வழி ஆனதில் தெருவுக்கு என்ன ஆனது என்பது ஒரு கதை. மாலையில் நடந்துபோனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே சீரியல் கேட்கும், ஒரு வசனமும் விட்டுப்போகாமல் தெருமுனை வரை கேட்டுக்கொண்டே போகலாம் என்று சொல்வார்களே, அது இப்போது நடக்காது. எல்லா வீட்டிலும் அதே சீரியல்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு வீட்டில் கேபிள், ஒரு வீட்டில் டிடிஹெச், ஒரு வீட்டில் மகன் வாங்கிக் கொடுத்த போனில். ஒவ்வொன்றும் படத்தைச் சுருக்கி, பூட்டி, திறந்து, விரிக்க ஒவ்வொரு அளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு வீட்டில் கன்னத்தில் அறை விழும். நாலு எட்டு நடந்தால் இன்னொரு வீட்டில் அதே கன்னத்தில் அதே அறை மறுபடி விழும். கிரிக்கெட் நாளில் எதிர்வீட்டுப் பையன்கள் கத்தியதும் இந்த வீட்டுத் தாத்தா, "அவுட்டு, இப்ப நமக்கு வரும்" என்று நிமிர்ந்து உட்காருகிறார். இதற்காக வருத்தப்படுவது அசட்டுத்தனம் என்றும் தெரிகிறது. ஆனால் சேர்ந்து பார்ப்பது என்று நாம் எதைச் சொன்னோமோ, அது ஒரு கோபுரமும் அதன் அலையும் ஒரே நேரத்தில் எல்லோரையும் தொட்டதால் தானாக அமைந்தது. யாரும் அதைத் திட்டம் போட்டுத் தரவில்லை, அதனால் அது போனபோது யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

புது டிவியே வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கேட்டான். கேட்கவேண்டிய கேள்விதான். பெட்டிக்கும் ஒயருக்கும் அலைச்சலுக்கும் கொடுத்ததோடு இன்னும் கொஞ்சம் போட்டால் 32 அங்குலம் வந்துவிடும். அதிலும் போட்டால் வராது என்று சொல்லிப் பார்த்தேன்: முதலில் கம்பெனிப் பெயர், பிறகு ஏதோ ஒப்புதல் கேட்கும், பிறகு பத்துப் பதினைந்து படங்களை வரிசையாக வைத்து எதைப் பார்க்கிறாய் என்று கேட்கும். "அதெல்லாம் பழகிடுவாங்க" என்றான். பழகிவிடுவார்தான். மிக்ஸி பழகினார், கேஸ் அடுப்பு பழகினார், ஏடிஎம் அட்டையை மட்டும் பழகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எதைப் பழகுவது, எதைப் பழகாமல் விடுவது என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்த டிவியைக் காயலான் கடைக்குப் போடுவதிலும் எனக்கு ஒரு தயக்கம். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கடைக்காரப் பையன் கழுத்தைத் தட்டி உடைத்து, செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டு, கண்ணாடியைக் குளத்தோரம் கொட்டிவிடுவான். அப்படிக் கிடக்கும் கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதெல்லாம் நான் பிறகு கண்டுபிடித்துக்கொண்ட காரணங்களோ என்றும் சந்தேகம் வருகிறது. அந்த 'டம்' சத்தமும் சூடான தூசி வாசனையும் அந்த வீட்டில் தொடரவேண்டும் என்பது யாருடைய ஆசை? பெரியம்மாவுக்கு அந்தப் பழைய டிவியின்மேல் பெரிய பாசம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அதன் தலையில் குங்குமச் சிமிழையும் மருந்துச் சீட்டையும் வைத்துக்கொள்ள இடம் இருப்பதைத்தான் அவர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுவரில் மாட்டுகிற டிவியில் அது முடியாது.

கடைசியில் அமைந்தது கேபிள்காரத் தம்பியின் அறையில், யாரோ திருப்பிக் கொடுத்த பெட்டிகளின் குவியலில் இருந்து. பின்பக்கம் ஆர்எஃப் அவுட் இருந்தது. காற்றோட்டத் துளைகளில் எறும்பு வைத்திருந்த மண்ணைப் பல்குத்தியால் எடுத்து, ஊதித் துடைத்துக் கொண்டுவந்தார். "இந்த மாதிரி இப்ப வர்றதில்லண்ணே, பிக்சர் கொஞ்சம் டல்லாத்தான் இருக்கும்" என்றார். பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தோம். பழைய சேனலுக்கே வந்தது. டிவியில் முதல் எண்ணில் பதித்தாயிற்று. பெட்டியை டிவியின் தலையில் வைக்க வேண்டாம், இரண்டு சூடும் சேர்ந்துவிடும் என்று பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டோம். பெரியம்மா இரண்டையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் போட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைத்தார், தட்டிப் போட்டார். அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. வந்தது. பிறகு கேபிள்காரத் தம்பி தன் போனை எடுத்து, பெயர், விலாசம், போன் நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போட ஆரம்பித்தார். பெரியம்மா போன் வைத்துக்கொள்வதில்லை. என் நம்பரைச் சொன்னேன். ஓடிபி எனக்கு வந்தது. சந்தா முடிவதற்கு முன்னால் எனக்கு மெசேஜ் வரும், சென்னையில் இருந்தபடியே கட்டிவிடலாம் என்று விளக்கினார். பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தவர், "டிவி என் கார்டுல, என் கையெழுத்துல வந்துச்சு. படம் நிக்கப்போறது எனக்கு. சேதி மட்டும் ஏன்டா தம்பி அவனுக்குப் போவுது?" என்றார். அவர் என்னைக் கேட்கவில்லை, கேபிள்காரரைக் கேட்டார். அது சிஸ்டத்துல அப்படித்தான் ஆச்சி என்று அவர் இழுத்தார். பெரியம்மா சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக் கொடுத்து, எந்தத் தேதியில் முடிகிறதோ அந்தத் தாளில் எழுதச் சொன்னார். அந்தத் தேதி வந்தால் அடுத்ததை அவரே எண்ணிக் குறித்துக்கொள்கிறார். எனக்கு மெசேஜ் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது: "நாளன்னிக்கு முடியுது, கட்டிடு. ரசீது நம்பரைச் சொல்லு, எழுதிக்கிறேன்."